பார்த்ததற்கு மட்டும் கையெழுத்து

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு நர்ஸிங் பிள்ளை, பார்த்த பிரசவங்களை எழுதும் கேஸ் புக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றுவிடும். இன்று ஞாயிறு, ஹாஸ்டலே தூங்குகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவன் பிளஸ் டூ போய்விட்டான். மற்ற வீட்டுச் செய்திகளைப் போனில் பேசிக்கொள்ளலாம். மனதைப் போட்டு அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.

போன மாதம் ஆறாம் செமஸ்டர் பிள்ளைகளுக்கு ஓஸ்கி வைத்தோம், ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ச் செய்துகாட்டும் பரீட்சை. கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் ஸ்டேஷன் என் பொறுப்பு. ஒரு பெண் வந்தாள். கை கழுவினாள். ஸ்கிரீனை இழுத்துவிட்டாள். "யூரின் போய்ட்டு வந்துட்டீங்களாம்மா?" என்று மேனிகின் பொம்மையிடம் கேட்டாள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். நான்கு பிடிகளையும் வரிசை மாறாமல் செய்து, தலை கீழே இருக்கிறது, முதுகு இடப்பக்கம் என்றாள். என் செக்லிஸ்ட்டில் டிக் விழாத கட்டமே இல்லை.

நாலு நாள் கழித்து அதே பெண்ணை லேபர் வார்டில் பார்த்தேன். படுத்திருந்தவருக்கு அது தலைப்பிரசவம். இவள் வயிற்றில் கை வைத்த நேரம் பார்த்து வலி ஏறியது. வயிறு கல்லாக இறுகிவிட்டது. இவள் விடவில்லை. பிள்ளையின் முதுகைத் தேடி இன்னும் அழுத்தினாள். அந்தத் தாய் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "வேணாம் பாப்பா, வேணாம்" என்றார். இவள் முகம் வெளுத்துப் போய் என்னைப் பார்க்கிறாள். மேனிகின் வயிறு ஒருநாளும் இறுகியதில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் கைமேல் என் கையை வைத்தேன். "இறுகுது தெரியுதா? இப்ப அழுத்தாதே. சும்மா வச்சிரு. விடும்போது சொல்லு." கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றோம். 45 விநாடி. "விடுது மேடம்" என்றாள், ரகசியம் சொல்வதுபோல. அப்புறம் முதுகு தானாகக் கைக்குக் கிடைத்தது. பத்து நிமிடத்தில் மூன்று வலி. பிரசவம் எப்படிப் போகிறது என்று குறிக்கும் பார்ட்டோகிராஃப் தாளில் மூன்று கட்டங்களை முழுக்கக் கறுப்பாக்கினாள். 20 விநாடிக்குக் குறைந்தால் புள்ளி, 40 வரை சாய்கோடு, அதற்கு மேல் முழுக் கறுப்பு என்று பரீட்சையில் சரியாக எழுதியவள்தான். அந்தக் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு மனுஷி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஓஸ்கியைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. நம் காலத்துப் பிராக்டிகல் பரீட்சை ஞாபகம் இருக்கிறதா? உனக்குச் சாதாரண கேஸ், எனக்கு இரட்டைப் பிள்ளை. எக்ஸ்டெர்னல் மேடம் காலையில் என்ன மனநிலையில் வந்தார்கள் என்பதில் பாதி மார்க் இருந்தது. அந்த அநியாயத்தைத் தீர்க்கத்தான் 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஹார்டனும் கூட இருந்தவர்களும் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே செக்லிஸ்ட். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1990இல் மில்லர் என்பவர் போட்ட பிரமிடை நம் பிள்ளைகளுக்கு நானே போர்டில் வரைந்து காட்டுகிறேன். தெரிந்திருப்பது அடியில், எப்படிச் செய்வது என்று தெரிவது அதற்கு மேல், செய்துகாட்டுவது மூன்றாவது, நிஜத்தில் செய்வது உச்சியில். ஓஸ்கி மூன்றாம் படியில் நின்றுவிடுகிறது. உச்சிப் படியை வார்டில்தான் பார்க்க முடியும். அங்கே பார்க்க ஆள் இருக்க வேண்டும்.

என் வருத்தமே அங்கேதான். நாம் படித்தபோது 20 சாதாரணப் பிரசவம் நாமே பார்த்திருக்க வேண்டும் என்று கேஸ் புக்கில் இருந்தது. அன்று வார்டு நிறைய கேஸ் இருந்தது, நைட் டியூட்டியும் போட்டார்கள். இப்போது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். மிச்சமிருக்கும் கேஸ்களுக்கு ஹவுஸ் சர்ஜன்கள் ஒரு பக்கம், நான்கைந்து கல்லூரிப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். நம் பிள்ளைகள் சாயங்காலம் பஸ் ஏறி ஹாஸ்டல் திரும்பிவிட வேண்டும். பாதிக் குழந்தைகள் இரவில்தானே பிறக்கின்றன!

அப்படியும் கேஸ் புக் எப்படியோ நிறைந்துவிடுகிறது. ஒரு பிரசவத்தை ஆறு பேர் எழுதிக்கொள்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியில் ஒரு வருஷக் கேஸ் புக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பார்ட்டோகிராஃப் எல்லாம், பிரசவம் தாமதமானால் எச்சரிக்க அச்சடித்திருக்கும் அலர்ட் கோட்டின் மேலேயே ஒரே சாய்வில் போகிறது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர், அச்சடித்ததுபோல. எந்தப் பெண்ணின் கர்ப்பப்பை வாய் ஸ்கேல் வைத்துத் திறக்கிறது? பிரசவம் முடிந்தபின் மேசையில் உட்கார்ந்து போட்ட கோடுகள் அவை. கீழே டியூட்டர் கையெழுத்து. அதில் என் கையெழுத்தும் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொன்று. கேஸ் கம்மியானதும் இருக்கிற தாயிடம் எல்லாரும் மொய்க்கிறார்கள். ஒரே பெண்ணுக்கு மூன்று ஸ்டூடண்ட், ஒருவர் பின் ஒருவராக, பி.வி. (கைவிட்டுக் கர்ப்பப்பை வாயைச் சோதிப்பது) பார்ப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எண்ணிக்கைக்காகத்தான். அதற்குத் தொற்று ஆபத்து என்று பெயர் சொல்லலாம். என்னைக் கேட்டால் அதற்கு முன்பே அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அவமானம்.

நீ எழுதியிருந்தாயே, அங்கே இங்கிலாந்தில் உன் ஆஸ்பத்திரியில் ஸ்டூடண்ட்டை வார்டு ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை, கூட நின்று சொல்லிக்கொடுப்பவர் வேறு, மதிப்பிட்டுக் கையெழுத்துப் போடுபவர் வேறு என்று. அதை நான் நாலு தடவை படித்தேன். அங்கே மிட்வைஃப் படிக்கும் பிள்ளைகளுக்கு 40 பிரசவம் என்கிறார்கள், அவர்களுக்கும் அது லேசாக இருக்காது. ஆனாலும் சொல்லிக்கொடுத்த பாசமோ கோபமோ மார்க்கில் கலக்காமல் இருக்க அது நல்ல வழி. இங்கே ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டருக்கு இரண்டு பக்கமும் கேஸ், நடுவில் நம் பிள்ளைகள். அவர்களிடம் போய் "நல்லா கவனிச்சுச் சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். இந்த வருஷம் பார்த்ததற்கு மட்டும் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். நானோ, அந்த நேர டியூட்டி சிஸ்டரோ கூட நின்றிருக்க வேண்டும். ஒரு தாய்க்கு ஒரு ஸ்டூடண்ட், வலி தொடங்கியதிலிருந்து நஞ்சுக்கொடி விழுந்து, பிள்ளை பால் குடிக்கும்வரை. முதலில் பிள்ளைகள் அழுதார்கள், இரண்டு பெற்றோர் வந்து சண்டை போட்டார்கள். பிரின்சிபால் மேடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் கூப்பிட்டு, "எண்ணிக்கை குறைஞ்சா பரீட்சைக்கு எப்படி அனுப்புவே?" என்றார்கள். இரண்டிரண்டு பேராக நைட் போஸ்டிங் கேட்டேன், கூட நான் வருகிறேன் என்றேன். வண்டிக்கும் ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டார்கள். நல்ல மனுஷி.

அந்தப் பெண்ணின் கேஸ் புக்கில் இப்போது ஏழு பிரசவம். ஏழாவதில் பிள்ளை உடனே அழவில்லை. துடைத்து, முதுகைத் தேய்த்து, வாயைச் சுத்தம் செய்து, மூச்சுக் கொடுக்கும் பை-மாஸ்க்கைக் கையில் எடுக்கும்போது வீல் என்றது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் முதலில் செய்தது என்ன தெரியுமா? தாயிடம் திரும்பி, "அழுதுடுச்சுக்கா, கேட்டுச்சா?" என்றாள். எந்தச் செக்லிஸ்ட்டிலும் அதற்குக் கட்டம் இல்லை. நான் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

உன் வார்டில் ஸ்டூடண்ட்டுக்கு எழுதும் மதிப்பீட்டுப் படிவம் இருந்தால், யார் பெயரும் இல்லாமல் வெறும் தாளாக ஒன்று அனுப்பு. அதில் கேட்கும் கேள்விகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். நோயாளியிடமும் ஸ்டூடண்ட்டைப் பற்றிக் கேட்பீர்கள் என்றாயே, எப்படிக் கேட்பீர்கள், எப்போது கேட்பீர்கள் என்று விவரமாக எழுது. இங்கே பிரசவம் முடிந்த மறுநாள் காலையில் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இன்று இரவு எட்டு மணிக்கு நைட். ஃபிளாஸ்க்கில் டீ போட வேண்டும், பிள்ளைகளுக்கும் சேர்த்து.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்