மறுகா என்ன நடந்த?

கல்லடி
26 ஒக்டோபர் 2025

அன்பின் மச்சான்,

போனில் கதைத்தால் நீ பேரனை மடியில் வைத்துக்கொண்டு "ம்... ம்..." என்பாய். பாதியில் அவன் எதையாவது அழுத்திவிடுவான். போன முறை கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் வெறும் போனோடு கதைத்திருக்கிறேன். மனுசி வந்து சிரித்த பிறகுதான் தெரிந்தது. அதனால் இந்த முறை எழுதுகிறேன். ஆறுதலாக வாசி. கடைசியில் உன்னிடம் கேட்க ஒரு விசயம் இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் சுகம். எனக்குச் சீனி கூடுவதும் குறைவதுமாக நிற்கிறது. மனுசி தயிர்ச் சட்டியை ஒளித்து வைக்கிறாள். நான் அதைக் கண்டுபிடிக்காத மாதிரி நடிக்கிறேன். உனக்கு மெல்பேணில் நல்ல எருமைத் தயிர் கிடைக்காது என்று நினைக்கும்போதுதான் ஒரு சின்ன ஆறுதல், குறை நினைக்காதே.

ஒக்டோபர் என்றால் தெரியும்தானே, வாசிப்பு மாதம். மற்றப் பதினொரு மாதமும் நான் ஓய்வூதியக்கார விஞ்ஞான வாத்தி. ஒக்டோபர் பிறந்தால் எழுத்தாளன். "சேர், எங்கட பிள்ளைகளோட ஒரு மணித்தியாலம் கதைக்க வாங்க" என்று அழைப்பு வரும். இந்த மாதம் ஏழு பள்ளிக்கூடம் போய்விட்டேன். விடிய நாலரைக்கு எழும்பி, பிளேன்ரீ ஒன்றோடு இரண்டு பக்கம் எழுதுவேன். அதில் ஒன்றரைப் பக்கத்தை ஆறு மணிக்கு வெட்டுவேன். அப்புறம் குளித்து, இருபது புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன். திரும்பி வரும்போது பையில் பதினேழு இருக்கும். போன மூன்றில் இரண்டு நானே பள்ளிக்கூட நூலகத்துக்குச் சும்மா கொடுத்தது. 500 பிரதி அடித்தேன், கட்டிலுக்குக் கீழே இன்னும் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. 2022 இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்களே, அந்த வருசம் அச்சகக்காரர் சொன்ன விலையைக் கேட்டு ஓடி வந்தவன், அடுத்த வருசம் மகன் அனுப்பிய காசில்தான் அடித்தேன். புத்தகத்தை நீ இன்னும் வாசிக்கவில்லை என்பதும் தெரியும். அது 78 சூறாவளிக் கதை. நவம்பர் 23 இரவு ஒரு பையன் தன் எருமைக் கன்றைத் தேடி வாவியைக் கடந்து போகிறான். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடங்களில் ஒரே நடைமுறைதான். மாலை, விளக்கு, வரவேற்புரை. ஒரு இடத்தில் வரவேற்புரை நாற்பது நிமிடம் போனது. பிள்ளைகள் வெயிலில். எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம், அதிலும் ஒலிபெருக்கி கத்தியது. ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு மரத்துக்குக் கீழே அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் இருந்தேன். அந்தப் பத்து நிமிடந்தான் உருப்படி. தரம் 5 பிள்ளைகள் அனேகமாக எங்கும் வருவதில்லை. புலமைப்பரிசில் வகுப்பு. பரீட்சை முடிந்தாலும் அந்தக் களை முகத்தில் இருக்கும். நாலாம் தரத்தார்தான் இன்னும் மனிதர்களாக இருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளை நீ கேட்க வேண்டும்.

பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு சின்னவன் எழும்பி, "சேர், நீங்க விபுலானந்த அடிகளாரோட படிச்சயா?" என்றான். பாடப் புத்தகத்தில் எழுத்தாளர் என்று வருகிற எல்லோரும் செத்துப்போனவர்கள். உயிரோடு ஒருவர் வந்து நின்றால் எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அடிகளார் போனது 1947 இல், நான் பிறக்க இன்னும் பதினைந்து வருசம் இருந்தது, ஆனால் அவர் சமாதி என் வீட்டிலிருந்து நடக்கிற தூரந்தான் என்றேன். "அப்ப கிட்டத்தானே" என்று இருந்துவிட்டான். அவனுக்குத் திருப்தி.

அதே வகுப்பில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. "பாதை வந்து கரையில் முட்டியது" என்று கதையில் ஒரு வரி. தரம் 6 பையன் ஒருவன் புத்தகத்தைத் திறந்து, விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டே கேட்டான்: "சேர், பாதை எப்படி வந்து முட்டும்? பாதை அங்கேயேதானே கிடக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு விளங்கவே கொஞ்சநேரம் எடுத்தது. மண்முனையில் வாவியைக் கடக்க நாம் எத்தனை தரம் அந்த மிதவைப் பாதைக்குக் காத்து நின்றிருப்போம்! துறையில் நின்று அக்கரையைப் பார்த்து, "பாதை வருதா, பாதை வருதா" என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு. இவனுக்கு அது றோட்டு. யப்பான்காரர் உதவியில் மண்முனைப் பாலம் திறந்தது 2014 இல். கணக்குப் பார், பாலத்துக்கும் இவனுக்கும் ஒரே வயது. பாலத்தில் இரண்டு நிமிடத்தில் தாண்டுகிறவனுக்கு மிதக்கிற பாதையைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறேன், என் மடத்தனம்.

கரும்பலகையில் வரைந்து காட்டினேன். மிதவை, மேலே பலகைத் தளம், ஓரத்தில் கம்பி. அப்போது பின் வாங்கிலிருந்து ஒரு பையன், "அப்படியில்ல சேர்" என்று எழும்பி வந்தான். தாய்வழியில் மண்டூராம். கோயில் திருவிழாவுக்குக் குருமண்வெளியால் போகும்போது பாதையில் ஏறியிருக்கிறான். வெண்கட்டியை என் கையிலிருந்து வாங்கி, நான் வரைந்த கம்பியை உள்ளங்கையால் அழித்தான். இயந்திரப் படகைப் பக்கத்தில் போட்டான். "மோட்டச்சைக்கிள் எல்லாம் நடுவில, ஆக்கள் ஓரத்தில. கரை வரக்குள்ள எல்லாரும் ஒரு பக்கம் வந்தா ஐயா ஏசுவார்." ஐயா ஏசுவதற்கும் ஓரத்தில் ஒரு குச்சி மனிதனைக் கைநீட்டியபடி வரைந்தான். என் முழு அத்தியாயத்திலும் அப்படி ஏசுகிற ஒரு ஆள் இல்லை, மச்சான். அந்தப் படத்தைப் போனில் எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் போனபோது வேறு விதம். அங்கே என் முந்தின புத்தகத்தை வாசித்திருந்தார்கள், அதில் யானைக் குட்டி ஒன்று பிள்ளைகளோடு சிநேகமாக இருக்கும். காலமை வகுப்பில் பாதிப் பேர் பிந்தித்தான் வந்தார்கள். இரவு ஊருக்குள் யானை. விடியும்வரை வெடி கொளுத்தியிருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "ஒங்கட யானை நல்லாயிருக்கு சேர். எங்கட யானை அப்படியில்ல." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்தப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

ஆனால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் மாறாத ஒரு கேள்வி இருக்கிறது. வாசித்துக்கொண்டே போய் நல்ல இடத்தில் நிறுத்துவேன். தண்ணீர் குடிக்கிற சாட்டில் பேசாமல் நிற்பேன். ஐந்து எண்ணுவதற்குள் யாராவது ஒருவர், "மறுகா என்ன நடந்த, சேர்?" என்று கேட்டுவிட்டால் கதை உயிரோடு இருக்கிறது. ஒருவரும் கேட்காவிட்டால் அந்த இடத்தை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் விமர்சனம் எனக்கு வேண்டாம். கொழும்பில் ஒருவர் கைப்பிரதியைத் திருத்தும்போது "மறுகா" என்று இருந்ததையெல்லாம் "பிறகு" ஆக்கிவிட்டார். மட்டக்களப்புப் பையன் "பிறகு" என்பானா? இருந்து இருந்து எல்லாவற்றையும் திரும்ப மாற்றினேன். ஒன்று தப்பிவிட்டது, 63 ஆம் பக்கத்தில். அந்த ஒரு இடத்தில் மட்டும் என் பையன் வானொலிச் செய்தி வாசிக்கிறான்.

சரி, இப்போது விசயத்துக்கு வருகிறேன்.

போன கிழமை நிந்தவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தரம் 7. அதிபர் வந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, தானும் பின்னால் ஒரு கதிரை போட்டு இருந்து கேட்டார். அப்படிப்பட்ட மனிதர் அபூர்வம். பாதை அத்தியாயத்தைத்தான் வாசித்தேன். பட்டணத்தில் பட்ட பாட்டினால் முதலே பாதை என்றால் என்ன என்று விளக்கிவிட்டேன். நல்லாய்க் கேட்டார்கள். சரியான இடத்தில் "மறுகா?" வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முடிந்ததும் முன் வரிசையில் ஒரு பிள்ளை கை உயர்த்தினாள். மெலிந்த பிள்ளை, கண்ணாடி போட்டவள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதி வைத்திருந்தாள்.

"சேர், பாதையில ஏறின ஆக்கள நான் எண்ணின. பதினாலு பேர். அதில எங்கட ஆக்கள் ஒருத்தருமில்லையே?"

நான் பதில் சொல்லுமுன் அவளே சொன்னாள். அவளுடைய மூத்தவாப்பாவுக்குப் பிறந்த ஊர் காத்தான்குடி. நிந்தவூரில் கலியாணம் முடித்துப் பொண்சாதி ஊரோடு வந்தவர். இளமையில் சைக்கிளில் புடைவை கட்டிக்கொண்டு மண்முனைப் பாதையால் படுவான்கரைக்குப் போய் வியாபாரம் செய்தவராம். "அவர் அந்தப் பாதையிலதானே போயிருப்பார்?"

மச்சான், நான் யாரையும் விலக்கி எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஏனென்றால் எனக்கு நல்ல ஞாபகம், நான் சின்னப் பையனாய்ப் பாதையில் ஏறின எந்த நாளிலும் ஒரு புடைவைக்காரர் நிற்பார். சைக்கிள் பின்னால் மூட்டை. பாதை ஆடும்போது சைக்கிளைப் பிடிக்காமல் மூட்டையைப் பிடிப்பார். ஒரு முறை அம்மம்மா அவரிடம் நடு வாவியில் வைத்தே சீத்தைத் துணிக்கு விலை பேசினா. பாதை கரை முட்டுவதற்குள் மூன்று ரூபா குறைத்தும்விட்டா. இவ்வளவும் தெரிந்தவன் பதினாலு பேரை எழுதினேன். தேங்காய்க்காரர் இருக்கிறார், கூத்துக்கு மத்தளம் கொண்டு போகிற அண்ணாவியார் இருக்கிறார், ஒரு ஆடுகூட இருக்கிறது. அவர் மட்டும் இல்லை. 85 இலும் 90 இலும் தமிழர் முஸ்லிம் கலவரம் வந்த பிறகு என் கையே அந்தச் சைக்கிளைப் பாதையிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறது, எனக்கே தெரியாமல். 90 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதவர்களைச் சுட்ட பிறகு உனக்கு ஒரு கடிதம் எழுத எனக்கு எத்தனை வருசம் பிடித்தது என்று உனக்குத் தெரியும். இது அதே கைதான்.

பிள்ளையிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு புடைவைக்காரர் இருந்தார், நான் எழுத விட்டுவிட்டேன் என்றேன். அம்மம்மா விலை பேசின கதையையும் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "மறுகா அவர் இறங்கி எங்க போன, சேர்?" என்றாள்.

எனக்குத் தெரியாது. பாதை அக்கரை முட்டினால் நாங்கள் எங்கள் பாட்டில் அம்மம்மா வீட்டுக்கு நடப்போம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மற்றப் பக்கம் போவார். அதற்குப் பிறகு அவர் என் கண்ணில் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில், பஸ் கல்முனையைத் தாண்டும்போதுதான் உன் வாப்பா ஞாபகம் வந்தது. வந்தாறுமூலையில் படிக்கிற காலத்தில் விடுதியில் ஒரு இரவு நீ சொன்னாய், வாப்பா படுவான்கரைக்குப் புடைவை கொண்டு போவார், கடனுக்குக் கொடுத்துவிட்டு வெள்ளாமை வெட்டினதும் நெல்லாக வாங்குவார் என்று. அப்போது நான் பாதி நித்திரை. இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

இரண்டாம் பதிப்பு போடுகிறேன், கட்டிலுக்குக் கீழே இருக்கிறது எப்படியாவது முடியட்டும். பதினைந்தாவது ஆள் பாதையில் ஏறுகிறார். அவரை வெறும் ஆளாக ஏற்றி இறக்க எனக்கு விருப்பமில்லை. சூறாவளி இரவில் பையனுக்கு அவர்தான் துணை. ஆகவே நீ எனக்கு எழுது. வாப்பா ஒரு பயணம் போனால் எத்தனை நாளில் திரும்புவார்? இரவில் யார் வீட்டில் தங்குவார், அங்கே சாப்பிடுவாரா, கொண்டு போன சாப்பாடா? தொழுகைக்கு என்ன செய்வார், வீட்டுக்காரர் பாய் கொடுப்பார்களா? கடன் கணக்கைக் கொப்பியில் எழுதுவாரா, மனத்தில் வைத்திருப்பாரா? நெல்லை எப்படிப் பாதையில் ஏற்றுவார்? 78 இல் அவர் எங்கே நின்றார்? இன்னொன்று, அவருக்கு ஒரு மகள் வைக்கப் போகிறேன், தம்பிமார் அவளை உங்கள் வீட்டில் கூப்பிடுவது தாத்தா என்றா, ராத்தா என்றா? தாத்தா என்று எழுதினால் எங்கள் பிள்ளைகள் கிழவனைத் தேடுவார்கள், அதுவும் பாதை மாதிரி ஆகிவிடும். ஆனாலும் நீங்கள் சொல்வது எதுவோ அதைத்தான் எழுதுவேன்.

அந்தப் பிள்ளைக்கு அச்சுக்குப் போகுமுன் அத்தியாயத்தை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். எண்ணிப் பார்ப்பாள். அதனால் கெதியாக எழுது, போனில் வேண்டாம், அந்தக் குட்டிப் பேரனை நம்ப முடியாது.

மனுசி உனக்கும் மச்சிக்கும் சுகம் கேட்கிறாள்.

மறந்துவிட்டேன்: அம்மம்மா துணியை விரித்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அந்த மூட்டைக்குள் அது எதிலிருந்து வந்தது என்று வரவில்லை. உன் வாப்பா சைக்கிளில் கட்டினது வெறும் மூட்டையா, பெட்டியா? பெட்டி என்றால் தகரமா, மரமா?

அன்புடன்,
உன் மச்சான்