பற்று நோட்டில் தெரியும் மந்தம்

கோத்தகிரி
12.10.2025

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. போன் இருக்கும்போது எதற்கு மாமா கடிதம் என்று மருமகள் சிரிக்கிறாள். போனில் உன் முழங்கால் வலியையும் என் சர்க்கரையையும் பேசி முடிப்பதற்குள் யாராவது ஒருவருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. அவளுக்கு எங்கே அது தெரியப்போகிறது!

இன்று ஞாயிறு. மூன்று மணிக்கே மிஸ்ட் இறங்கி எதிர்க்கடை போர்டு மறைந்துவிட்டது. தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். இந்த நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுத முடிகிறதே, உன் கேள்விக்கு அதுவே பாதி பதில்.

"பொருளாதார மந்தம் வந்துவிட்டது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். மலையில் இருக்கிற உனக்கு அதெல்லாம் எங்கே எட்டும்" என்று எழுதியிருந்தாய். பேப்பர்படி பார்த்தால் அப்படி ஒன்றும் வரவில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை 7.8 சதவீத வளர்ச்சி என்று போட்டிருந்தார்கள். அடுத்தடுத்து இரண்டு காலாண்டு நாட்டின் உற்பத்தி சுருங்கினால்தான் மந்தம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். அந்தக் கணக்குப்படி அது 2020-ல் வந்தது. முதல் காலாண்டில் 23.9 சதவீதம் சரிவு என்றும், அடுத்ததில் 7.5 என்றும் அறிவித்தார்கள். சரி, அது உங்கள் வங்கிக்காரர்கள் கணக்கு. என்னிடம் இருப்பது யார் எவ்வளவு கடன் சொன்னார்கள் என்று எழுதும் பற்று நோட்டு. அப்பா காலத்திலிருந்து இந்தக் கடையில் வருஷத்துக்கு ஒரு நீள நோட்டு. அதில் 7.8 எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மந்தம் வந்தால் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள் என்று நினைக்காதே. முதலில் அளவுதான் மாறும். ஒரு லிட்டர் எண்ணெய் அரை லிட்டராகும், அப்புறம் கால் லிட்டர். ஷாம்பு பாட்டில் வாங்கிய வீட்டிலிருந்து பையன் வந்து பாக்கெட் இரண்டு கிழித்துக்கொண்டு போவான். துவரம் பருப்பு கேட்டவர்கள் பாசிப்பருப்பு என்ன விலை என்று விசாரிப்பார்கள். தூள்கூட, தேயிலை விளையும் ஊரில், பாக்கெட்டை விட்டுவிட்டு உதிரித் தூளுக்கு வருவார்கள். ரேஷன் அரிசி இருப்பதால் வயிறு காய்வதில்லை. எனவே வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எதுவும் தெரியாது. மாதம் ஒரு தடவை தொகை கட்டி வாங்குவார்கள் பார், அவர்கள் வாரம் ஒரு தடவை என்று ஆனால் எனக்குப் புரிந்துவிடும். தினம் தினம் என்று ஆனால் பாக்கி ஏறப்போகிறது என்று நானும் கொஞ்சம் கையை இறுக்குவேன்.

எதைக் குறைக்க மாட்டார்கள் தெரியுமா? செல்போன் ரீசார்ஜ். முன்பெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும், பருப்புக்குக் கடன், போனுக்கு ரொக்கமா என்று. பிறகுதான் புரிந்தது, நாளைக்குக் கூலி வேலை உண்டா என்பதே அதில்தான் வருகிறது. பிள்ளைகள் ஸ்கூல் பீஸிலும் கை வைக்க மாட்டார்கள். பெரியவர்கள் மாத்திரையில்தான் வைப்பார்கள். மருந்துக்கடைக்காரர் என் பக்கத்துக் கடைதான். பிரஷர் மாத்திரையை அரை அட்டை கேட்டு வாங்கிப் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்கிறார். கண்ணாடி மாற்றுவது, பல் பிடுங்குவது, கூரைத் தகடு மாற்றுவது எல்லாம் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடும். எந்தப் பொங்கல் என்று யாரும் சொல்வதில்லை.

செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, பிஸ்கட் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் ஆனதல்லவா. விலை குறைந்தது, பொய் சொல்லக்கூடாது. வியாபாரம் தூக்கும் என்று நானும் கொஞ்சம் கூடுதலாகச் சரக்கு எடுத்து வைத்தேன். என் வாடிக்கைக்காரர்கள் மிச்சமான பத்தையும் இருபதையும் பழைய பாக்கியில் வரவு வைக்கச் சொன்னார்கள். நல்ல மனசுதான். ஆனால் சோப்பு ஷெல்பில் அப்படியே இருக்கிறது.

மூர்த்தி, நான் பார்த்தவரை மந்தம் ஒரே மாதிரி எல்லோர் வீட்டுக்கும் வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு விலாசம் இருக்கிறது. 2000-ஐ நினைத்துப் பார். நாடு வளர்ந்துகொண்டுதான் இருந்தது, நீ அப்போது கோயமுத்தூர் கிளையில் இருந்தாய், கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று எல்லோரும் பேசினார்கள். இங்கே பச்சைத் தேயிலை கிலோ ஐந்து ரூபாய் பக்கம் இறங்கிவிட்டது. பறிப்புக் கூலி கொடுத்தால் கையில் எதுவும் மிஞ்சாது. சோவியத் யூனியன் இருந்தவரை நம் தூளுக்குப் பெரிய வாடிக்கை அதுதான். அது 1991-ல் உடைந்தது, 1998 ஆகஸ்டில் ரூபிளும் சரிந்தது. இலங்கையோடு போட்ட ஒப்பந்தத்தால் வெளித் தூள் வருகிறது என்று இங்கே போராட்டம், கடையடைப்பு. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரர்கள் பறிப்பாட்களை நிறுத்திவிட்டுத் தாங்களே கூடை மாட்டிக்கொண்டார்கள். உரம் போடவில்லை, கவாத்து செய்யவில்லை. உரக்கடை முதலில் படுத்தது, அப்புறம் ஜவுளிக்கடை, அப்புறம் என் கடை. எங்கோ மாஸ்கோவில் ஒருவன் கையில் பணம் இல்லையென்றால் என் கடையில் பருப்பு விற்காது என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் மலைக் கிராமங்களான ஹட்டிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மேட்டுப்பாளையம் பஸ் ஏறி திருப்பூருக்கும் கோவைக்கும் போனார்கள். கதவு பூட்டிய வீடுகளை நீயே லீவுக்கு வந்தபோது எண்ணினாய்.

2020-ல் தலைகீழ். நாட்டுக்கே மந்தம். மலையில் டூரிஸ்ட்டை நம்பியவர்கள் நொடித்துப்போனார்கள். டாக்சிக்காரர்கள், காட்டேஜ்காரர்கள், சாக்லேட் கடைக்காரர்கள், ஊட்டியில் குதிரைக்காரர்கள். அந்த வருஷம் மலர்க் கண்காட்சியே இல்லை. கார்த் தவணையைத் தள்ளிப்போட்டார்கள், வட்டி மட்டும் தன் பாட்டில் ஓடியது. ஆனால் உற்பத்தி குறைந்து ஏலத்தில் தூள் விலை ஏறியதால் பச்சை இலைக்கு நல்ல ரேட் கிடைத்தது. திருப்பூரில் கம்பெனி மூடித் திரும்பி வந்த பிள்ளைகள் அப்பாவின் தோட்டத்தில் இலை பறித்தார்கள். இருபது வருஷத்துக்கு முன் அவர்களைத் துரத்திய அதே செடிதான் கஞ்சி ஊற்றியது. என் பாக்கிகூட அந்த வருஷம் ஓரளவு வசூலானது என்றால் நம்புவாயா?

இந்தத் தடவை திருப்பூர் வழியாக ஏறி வந்திருக்கிறது. ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்காவில் நம் சரக்குக்கு 50 சதவீத வரி. மலைக்கும் பனியனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே, இங்கே வீட்டுக்கு ஒருத்தர் அங்கே இருக்கிறார்கள். யாரையும் வேலையை விட்டு நிறுத்தியதாக நான் கேள்விப்படவில்லை. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகிவிட்டது, அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கூலி வாங்கியவன் எட்டு மணி நேரத்துக்கு வாங்குகிறான். சில வாரம் ஐந்து நாள், சில வாரம் நான்கு. அரசாங்கக் கணக்கெடுப்பில் வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலே வேலையில் இருப்பவன் என்று எழுதுவார்களாமே, நீ சொன்னதுதான். வாடகை ஒன்றரை ஷிப்டுக்குத் தகுந்தபடி பிடித்தது, சம்பளம் ஒரு ஷிப்டுக்கு. அந்த அரை ஷிப்டுதான் மாதா மாதம் இங்கே அம்மாவுக்கு வந்துகொண்டிருந்தது, அதில்தான் என் கடைப் பாக்கி அடைந்துகொண்டிருந்தது.

உனக்கு என் கடைப் பையனை நினைவிருக்கிறதா, மூட்டை தூக்கிக்கொண்டே சினிமாப் பாட்டுப் பாடுவானே? 2001-ல் அவனை நான்தான் நிறுத்தினேன். மாதம் 900 ரூபாய் சம்பளம். ஒன்றும் தப்பு செய்யவில்லை அவன். வியாபாரம் இல்லை, 900 மிச்சம் என்று கணக்குப் போட்டேன். அவன் வீட்டில் ஏழு பேர். அந்தச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு என் கடையிலேயே அரிசியாகவும் எண்ணெயாகவும் திரும்பி வந்துகொண்டிருந்தது என்பது நோட்டைப் பார்த்தபோது இரண்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது. 900 மிச்சம் பிடித்து 600 ரூபாய் வியாபாரத்தை விட்டேன். நீ கீன்ஸ் என்று ஒரு பொருளாதார நிபுணரைச் சொல்வாய், எல்லோரும் ஒரே சமயத்தில் சிக்கனம் பிடித்தால் எல்லோருக்கும் வருமானம் போகும் என்று. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அந்த நோட்டுத்தான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கோபப்படாதே, உன் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. மகன் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், அவனை வேலை எதுவும் கொடுக்காமல் பெஞ்சில் போட்டிருக்கிறார்கள், அதனால் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை நிறுத்திவிட்டோம் என்று. அவனுக்கு இன்னும் சம்பளம் வந்துகொண்டுதான் இருக்கிறது, இல்லையா? போய்விடுமோ என்ற பயம்தான். உன் வீட்டில் யாருக்கும் வேலை போகவில்லை, அந்தப் பயத்துக்கே ஒருத்தருக்குப் போய்விட்டது. அவர் எந்தப் புள்ளிவிவரத்திலும் வரமாட்டார். நாளைக்கு அவர் எந்த மளிகைக் கடைக்காரனிடம் பாக்கி சொல்கிறாரோ, அவன் எனக்குத் தெரிந்த மாதிரி இருக்கிறது. முடிந்தால் வாரத்துக்கு மூன்று நாளாவது வரச் சொல். தங்கைக்கும் உன் முழங்காலோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

மகன் விஷயத்தில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கையிலிருக்கும் பணத்தை எல்லாம் போட்டு வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்கப் போவதாக எழுதியிருந்தாய். வங்கிக்காரனுக்கு மளிகைக்காரன் புத்தி சொல்வதா என்று நினைக்காதே. ஆறு மாதத் தவணைக்கும் சாப்பாட்டுக்கும் ரொக்கமாக வைத்துக்கொண்டு, அப்புறம் மீதியை அடைக்கச் சொல். அடைத்த பணத்தை அவசரத்துக்குத் திருப்பிக் கேட்டால் எந்த பேங்க் உடனே கொடுக்கும்?

நகைக்கடன் கதை ஒன்று. சவரன் 90 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டியவர்கள் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஆனால் அடகு வைத்தவர்களுக்கு ஒரு வசதி. அதே சங்கிலியை மீட்டு அதே இடத்தில் மறுபடி வைத்தால் முன்பைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது. பழைய கடனும் வட்டியும் போக, கையில் பத்து இருபதாயிரம் மிஞ்சுகிறது. எங்கள் தெருவில் இந்த தீபாவளித் துணிமணி பாதிக்குமேல் அப்படித்தான் வந்திருக்கிறது. கழுத்தில் கவரிங், காதில் கம்மல் மட்டும். தங்கம் இறங்கினால் என்ன செய்வார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒரு ஆச்சரியத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது எனக்கு ஒழுங்காக ரொக்கம் கொடுக்கும் வாடிக்கை யார் தெரியுமா? ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் எஸ்டேட்டுக்கு வந்திருக்கும் பிள்ளைகள். அவர்களுக்காகக் கடுகெண்ணெய் வரவழைத்து வைக்கிறேன். "பாய்யா கித்னா" வரை எனக்கு இந்தி வந்துவிட்டது. சனிக்கிழமை வந்து போனில் பணம் அனுப்பிவிட்டுப் போவார்கள், கடன் கேட்பதில்லை. கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம், அதையும் யோசித்தேன்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். அந்தப் பையன், மூட்டை தூக்கியவன், இப்போது திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். போன வாரம் போன் செய்தான். "அண்ணா, என் மகனுக்கு அங்கே ஷிப்ட் சரியாக இல்லை. கொஞ்ச நாளைக்கு உங்கள் கடையில் வைத்துக்கொள்வீர்களா, சம்பளம் எவ்வளவு என்றாலும் பரவாயில்லை" என்றான். 2001-ஐ அவன் மறந்துவிட்டானா, மறக்காததால்தான் கேட்கிறானா, குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பையனையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நோட்டை எடுத்து வைத்து இரண்டு நாளாகக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன். வருகிற கணக்கு வேண்டாம் என்கிறது.

தங்கைக்கு என் விசாரிப்பைச் சொல். வர்க்கி ஒரு கிலோ பார்சலில் அனுப்பியிருக்கிறேன். போன தடவை மாதிரி ஒரே நாளில் தின்றுவிட்டு நெஞ்சு எரிகிறது என்று எனக்குப் போன் போடாதே. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. மகனுக்கு மனசு சரியில்லை என்றால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் இங்கே வந்து இருக்கட்டும். மலைக்கு வண்டியில் ஏற வேண்டிய இ-பாஸ் மட்டும் எடுத்துக்கொண்டு வரச் சொல், மறந்துவிட்டால் செக்போஸ்டில் திருப்பிவிடுவார்கள்.

அன்புடன்,
உன் ராஜு