குஞ்சுவின் பிறந்தநாள் எந்த நாளில்?

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பு மகளுக்கு,

பேத்தி குஞ்சுவின் முதலாவது பிறந்தநாளைத் திகதியில் வைப்பதா, நட்சத்திரத்தில் வைப்பதா என்று ரொறன்ரோவிலிருந்து கேட்டிருந்தாய். இரண்டிலும் வை. ஒன்றை மற்றதற்குப் பதிலாக எடுக்காதே. இரண்டும் வேறு வேறு கணக்கு.

திகதி சூரியனின் கணக்கு. ரோமர்களின் நாட்காட்டியில் நாட்கள் நிலையாக இருந்ததால், ஒருவர் பிறந்த நாள் ஆண்டுதோறும் அதே திகதியில் வந்தது. இங்கிலாந்தின் வட பகுதியில் விண்டோலாந்தா என்ற ரோமக் கோட்டையில், கிளவுதியா செவெரா என்ற பெண் தன் தோழிக்கு மைகொண்டு எழுதிய மெல்லிய மரத்துண்டு ஒன்று கிடைத்தது. செப்டெம்பர் 11இல் என் பிறந்தநாள், கட்டாயம் வா என்று அழைக்கிறாள். ஏறக்குறைய கி.பி. 100இல் எழுதியது. அந்தத் துண்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

நம்முடையது சந்திரனின் கணக்கு. பிறந்தநாளைக் கொண்டாடுவது வெள்ளைக்காரரிடமிருந்து வந்தது என்று அங்கே யாராவது சொன்னால் நம்பாதே. அரசன் சினத்தை நீக்கி 'பிறந்த நாள்வயின் பெருமங்கலம்' செய்வதைத் தொல்காப்பியமே சொல்கிறது. அன்று அவன் வெள்ளாடை உடுப்பதால் அது வெள்ளணி நாள். சோழர் காலத்தில் நட்சத்திரமே நாள்: இராசராசனுக்கு ஐப்பசிச் சதயம், இராசேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை. தஞ்சாவூரில் சதய விழா இன்றும் நடக்கிறது.

இனிக் கணக்கைக் கவனமாகப் பார். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுற்றிவர 27.32 நாட்கள் எடுக்கும். பதின்மூன்று சுற்றுக்கு 355 நாட்கள். அதனால் பிறந்த நட்சத்திரம் அடுத்த ஆண்டு ஏறக்குறைய பத்து நாள் முந்தி வரும். அப்படி முந்தும்போது முந்தைய தமிழ் மாதத்துக்குள் விழுந்தால், அது கணக்கில்லை; அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கவேண்டும், அதாவது திகதிக்குப் பதினேழு நாள் பிந்தி. குஞ்சு பிறந்தது ஆவணி 20, அத்தம். பத்து நாள் முந்தினாலும் ஆவணிதான். ஆகவே அவளுக்கு நட்சத்திரம் முதலில், கேக் பிறகு. ஆவணி 5இல் பிறந்திருந்தால் மறுதலை. சில ஆண்டுகளில் ஒரே மாதத்தில் அத்தம் இரண்டு தரம் வரும். பொதுவாகப் பிந்தியதைத்தான் எடுப்பார்கள், ஆனாலும் குருக்களைக் கேட்டுச் செய்.

எல்லாரும் பிழைவிடும் இடம் ஒன்று உண்டு. கொழும்புப் பஞ்சாங்கத்தைப் பார்த்து ரொறன்ரோவில் நாள் குறிக்காதே. கோடையில் நீங்கள் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். இங்கே புதன் காலை 6 மணிக்கு அத்தம் முடிகிறது என்றால், உங்களுக்கு அது செவ்வாய் இரவு 8.30. புதன்கிழமை அங்கே கோவிலுக்குப் போனால் நட்சத்திரம் மாறி ஒரு இரவு கழிந்திருக்கும். ரொறன்ரோவுக்கென்று கணித்த பஞ்சாங்கத்தில், அங்கே சூரியன் உதிக்கும்போது என்ன நட்சத்திரம் நிற்கிறது என்று பார்.

உன் சாதகத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. நீ பிறந்தது 1998, கொழும்பு. 1996 மே மாதம் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பினார்கள். பழைய நேரத்துக்கு வந்தது 2006 ஏப்ரலில்தான். ஆகவே உன் பிறப்புப் பத்திரத்திலுள்ள நேரம் இன்றைய இலங்கை நேரத்தைவிட அரை மணித்தியாலம் கூட. கைபேசிச் செயலியில் அப்படியே போட்டால், அது அன்றைய இலங்கை நேரத்தையும் இன்றுபோலக் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே என்று எடுத்துக்கொண்டால், இலக்கினம் மாறக்கூடும். ஒரு இலக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம்தானே. அப்படி எடுக்கும் செயலியில் அரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டுப் போடு. குஞ்சுவுக்கு வேறு விதம்: செப்டெம்பரில் அங்கே கோடை நேரம், மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னே ஓடும். குறிப்பு எழுதுபவரிடம் அதைச் சொல்லாவிட்டால் அவரும் பிழைவிடுவார்.

கேக்கை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 1746இல் ஜேர்மனியில் சின்சென்டோர்ப் பிரபுவின் பிறந்தநாளுக்கு, அடுப்பு கொள்ளும் அளவுக்குப் பெரிய கேக் சுட்டு, வயதுக்கு ஒரு துளையாக மெழுகுதிரி குத்தி, நடுவில் ஒன்று கூடுதலாக வைத்தார்கள். அதுவும் ஒரு நல்ல வழக்கம். ஆனால் சாமியறைக் குத்துவிளக்கை அவள் ஊதி அணைக்கவேண்டாம். திரியைப் பூவால் அமர்த்து. மெழுகுதிரியை ஆசைக்கு ஊதட்டும். முதலில் விளக்கும் பாயசமும், பிறகு கேக்கும் ரோல்சும்.

நட்சத்திரத்தன்று இங்கே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலில் அவள் பேருக்கு அர்ச்சனை செய்கிறேன். அத்தம், கன்னி இராசி என்று எழுதிவைத்திருக்கிறேன். கோவிலில் சொல்ல, பதிந்த பெயரை எழுத்துப் பிசகாமல் அனுப்பு. பிறந்த நேரத்தை நிமிடத்தோடு வைத்தியசாலைத் துண்டைப் பார்த்து எழுது, நினைவிலிருந்து வேண்டாம்.

அன்புடன்,
அப்பா