பள்ளிச் செயலிகளுக்கு யார் கணக்குக் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஓர் அரசு தொடக்கப்பள்ளியின் கவர்னிங் பாடியில், அதாவது பள்ளியை நிர்வகிக்கும் குழுவில், நான் பொருளாளர். பெற்றோர் வாக்குப் போட்டு அனுப்பியவள். பகலில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்வித் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்டால், பில் என்னிடம்தானே வருகிறது என்பேன்.

அந்த பில்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாசிப்புப் பயிற்சிக்கு ஒரு செயலி, கணக்குப் பாடத்துக்கு ஒன்று, பெற்றோருக்குச் செய்தி அனுப்ப ஒன்று, மதிப்பெண் பார்க்க இன்னொன்று. இத்தனையும் வேண்டும் என்று யாரும் கூடி உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. ஒரு டீச்சர் பயிற்சி வகுப்புக்குப் போனார். மூன்று மாதம் இலவசம் என்றார்கள். வகுப்புப் பிள்ளைகள் பெயரையெல்லாம் ஏற்றியாயிற்று. நான்காம் மாதம் டாலரில் பில் வந்தது. நம் நாட்டுப் பணமான ரான்ட் இறங்கினால் அடுத்த வருடம் அதே செயலிக்கு இன்னும் அதிகம் கட்டுகிறோம், ஒரு பாடம்கூடக் கூடுதலாக வராமலே. வேண்டாம் என்று சொல்வதற்கான கடைசித் தேதி ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அது பெரும்பாலும் டிசம்பர் விடுமுறையில்தான் வரும், பள்ளி அலுவலகம் பூட்டிக் கிடக்கும்போது.

மதிப்பெண் செயலியின் கதை தனி. வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் கல்வித்துறையின் சா-சாம்ஸ் மென்பொருளில் ஏறியாக வேண்டும். அதற்குக் காசில்லை. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை நடக்கும். நாங்கள் காசு கொடுத்து வாங்கியதோ அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாது. அதனால் கிரேடு 6 டீச்சர் ஒரே மதிப்பெண்ணை இரண்டு தடவை அடிக்கிறார், இரவில், வீட்டில், சொந்த டேட்டாவில். வாங்குமுன் "சா-சாம்ஸோடு சேருமா?" என்று ஒருத்தர் கேட்டிருந்தால் போதும்.

பாடப்புத்தகம் இப்படிப் பள்ளிக்குள் நுழைவதில்லை. தேசியப் பட்டியலில் இடம்பெறும் புத்தகத்தை அதற்கென்று வைத்தவர்கள் பாடத்திட்டத்தோடு ஒத்துப் பார்த்திருப்பார்கள். செயலிகளுக்கு அப்படி ஒரு பட்டியல் எங்கள் பள்ளிக்கு வந்ததே இல்லை. வருவதெல்லாம் விற்கிறவர்கள்தான். 2021இல் நடந்த பர்ல்ஸ் என்ற சர்வதேச வாசிப்பு ஆய்வு, நம் நாட்டு கிரேடு 4 பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் வாசிப்பதைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொன்னது. வருகிறவர்கள் எல்லாரும் இந்த எண்ணைத்தான் முதலில் திரையில் போடுவார்கள். சரி, உங்கள் செயலியால் எந்தப் பள்ளியில் அது எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் சட்டென்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். பிஸ்கட் மட்டும் நல்ல பிஸ்கட்.

நான் செயலிகளுக்கு எதிரியல்ல. கிரேடு 4இல் கணக்குப் பயிற்சிச் செயலியை வாரம் தவறாமல் நடத்தும் ஒரு டீச்சர் இருக்கிறார். எந்தப் பிள்ளை பின்னத்தில் தடுமாறுகிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். அதற்குக் கட்டும் பணத்தில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதே உரிமத்தைப் பள்ளி முழுக்க வாங்கியிருக்கிறோம். யார் யார் உள்ளே போனார்கள் என்ற விவரத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கினேன். சில வகுப்புகளில் முதல் வாரத்துக்குப் பிறகு ஒருவரும் திறக்கவில்லை. இது எங்கள் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் பள்ளிகள் வாங்கிய மென்பொருள் உரிமங்களில் மூன்றில் இரண்டு பங்கு பயன்படாமல் கிடந்ததாக யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது.

மற்ற பள்ளிகள் எதை வாங்குகின்றன, எது உதவியது என்று எங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். "அது கவர்னிங் பாடியின் பொறுப்பு" என்று ஒரு வரியில் பதில் வந்தது. சட்டப்படி அது தப்பும் இல்லை. அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்றால் அதற்குப் பெரும்பாலும் சொந்த போர்டு, சொந்த பட்ஜெட் உண்டு, வாங்குவதும் அதுதான். இங்கே மாவட்ட அலுவலகம் மாகாணத் துறையின் ஒரு கிளை. எங்களைப்போன்ற, பெற்றோரிடம் ஃபீஸ் வாங்கும் அரசுப் பள்ளிகளில் வாங்குவது கவர்னிங் பாடியான நாங்கள். அதனால்தான் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் ஒரே கம்பெனியிடம் தனித்தனியாகப் பேரம் பேசுகின்றன. அடுத்த பள்ளி என்ன விலைக்கு வாங்கியது என்பது விற்கிறவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. வாங்க வேண்டாம், பட்டியலையாவது வைத்திருங்கள் என்றுதான் மாவட்டத்தைக் கேட்கிறேன். எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் 12 கல்வி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒன்றாவது தொடங்கலாம்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் பிள்ளைகளின் விவரம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை, அதுதான் போபியா, எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பொதுவாகப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். நம் சார்பில் தகவலை வைத்திருக்கும் கம்பெனியோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அபராதம் 1 கோடி ரான்ட் வரை போகலாம். 2024 டிசம்பரில் தகவல் ஒழுங்குமுறை ஆணையம் அடிப்படைக் கல்வித்துறைக்கே 50 லட்சம் ரான்ட் அபராதம் போட்டது. மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) முடிவுகளைப் பத்திரிகையில் வெளியிடும் விவகாரம் அது. விஷயம் கோர்ட்டுக்கும் போனது. அங்கே அச்சானது பெயர்கூட இல்லை, வெறும் தேர்வு எண். இங்கே ஏழு வயதுப் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எந்தக் கேள்வியில் எத்தனை தடவை தப்புச் செய்தது என்பதெல்லாம் எந்த நாட்டிலோ உள்ள கணினியில் இருக்கின்றன. செயலியை நிறுத்திய பிறகு அவற்றை அழித்தார்களா என்று எழுதிக் கேட்டேன். ஒரு கம்பெனி மட்டும் பதில் போட்டது.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 2021 ஜூலை முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. எந்தெந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம், பிள்ளைகளின் என்னென்ன விவரம் போகிறது என்பதைப் பள்ளிகள் தங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும். இதற்குப் பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை, ஒரு கிளார்க்கும் ஓர் எக்செல் தாளும் போதும்.

இன்னொன்று. எங்கள் பள்ளியில் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், வளரும் பிள்ளைகள் நிறைய. பென்ஷன் பணத்தில் டேட்டா வாங்கும் ஆயாவிடம், வீட்டுப்பாடம் செயலியில் இருக்கிறது என்று சொல்லியனுப்புகிறோம். ஒரு செயலியை மதிப்பிடும்போது மாதம் எத்தனை எம்பி தின்னும் என்பதும் ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். விற்பனைத் தாள்களில் அந்த வரியை நான் பார்த்ததில்லை.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின்படி, பட்ஜெட்டுக்கான பெற்றோர் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். கூட்டத்துக்கு 14 நாள் முன்பே பட்ஜெட்டைப் பார்வைக்கு வைக்க வேண்டும். போய்ப் பாருங்கள். "ஐடி செலவு" என்று ஒரே வரியாக இருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த வருட பட்ஜெட்டில் நான் ஒவ்வொரு செயலியையும் தனி வரியாகப் போட்டு, பக்கத்தில் ஒப்பந்தம் முடியும் தேதியையும் எழுதியிருக்கிறேன். தாள் நீளமாகிவிட்டது என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. மதிப்பெண் செயலியை நிறுத்தலாமா என்று வாக்கெடுப்புக்கும் வைக்கப்போகிறேன். கிரேடு 6 டீச்சர் எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம்.

வேறு பள்ளிகளின் பொருளாளர்கள் இதைப் படித்தால், உங்கள் பத்திரிகை வழியாக எனக்கு எழுதட்டும். எங்கள் பட்டியலை விலையோடு தருகிறேன், அவர்களும் தங்களுடையதைத் தந்தால்.

இப்படிக்கு,
ஒரு பள்ளிப் பொருளாளர்
சாட்ஸ்வர்த், டர்பன்