61 வெற்றிய விட அந்த ஒரு மேட்ச் பெருசு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்துல அமெரிக்க காலேஜ் பெண்கள் சாஃப்ட்பால் பத்தி ஒரு துண்டுச் செய்தி வந்துச்சு, 2023 சீசன்ல ஓக்லஹோமா யுனிவர்சிட்டி டீம் 61 மேட்ச் ஜெயிச்சு ஒண்ணே ஒண்ணுல தோத்து சாம்பியன் ஆனாங்கன்னு. இதெல்லாம் நம்ம பேப்பர்ல வர்றதே அபூர்வம், அதுக்கு நன்றி. ஆனா போற போக்குல "பேஸ்பாலின் லேசான வடிவம்"னு எழுதிட்டீங்க பாருங்க, அதுதான் மனசு கேக்கல.

எத வச்சு சார் லேசு? கிரிக்கெட் பிட்ச் 66 அடி, இங்க பந்து போடுற பொண்ணுக்கும் பேட் புடிக்கிற பொண்ணுக்கும் நடுவுல வெறும் 43 அடி. கைய முழு சுத்து சுத்தி இடுப்புகிட்ட இருந்து விடுவாங்க, வேகமா போடுறவங்கன்னா மணிக்கு 110 கிலோமீட்டர தாண்டும், அதுலயும் சில பந்து கிட்ட வர வர மேல ஏறுற மாதிரியே தெரியும். 140ல வர்ற பந்த ஆடுறதுக்கு நம்ம பேட்ஸ்மேனுக்கு கிடைக்கிற நேரம் கூட இவங்களுக்கு கிடையாது, இத போய் லேசுன்னா எப்படி.

அப்புறம் அந்த 61-1. ஏதோ மெஷின் மாதிரி ஜெயிச்சுட்டே போனாங்கன்னு படிக்கிறவங்க நெனச்சுப்பாங்க. பிப்ரவரில பேய்லர் யுனிவர்சிட்டி கிட்ட 4-3ன்னு தோத்தாங்க, அதுக்கப்புறம் சீசன் முடியுற வரைக்கும் 53 மேட்ச் தோல்வியே இல்ல, சரி. ஆனா சூப்பர் ரீஜனல்ல (ஃபைனல் நடக்குற வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தின சுற்று) கிளெம்சன் யுனிவர்சிட்டி கூட ரெண்டாவது மேட்ச்ல கடைசி, அதாவது ஏழாவது இன்னிங்ஸ், ரெண்டு பேர் அவுட், 7-4ன்னு ஓக்லஹோமா பின்னாடி, இன்னொரு விக்கெட் போனா (அங்க விக்கெட் இல்ல, நம்ம பழக்கம்) கத முடிஞ்சுது. அப்ப கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) கின்சி ஹான்சன் அடிச்சாங்க பாருங்க மூணு ரன் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), 7-7. ஸ்கோர் சமமானதால ஆட்டம் நீண்டு, ஒன்பதாவது இன்னிங்ஸ்ல டியாரே ஜென்னிங்ஸ் ஒரு ஹோம் ரன், 8-7. தோத்திருந்தாலும் டோர்னமெண்ட்ட விட்டு வெளிய போயிருக்க மாட்டாங்க, மூணுல ரெண்டு ஜெயிச்சா போதும், முதல் மேட்ச் ஏற்கனவே கையில இருந்துச்சு. ஆனா அரிசோனா யுனிவர்சிட்டியோட 47 தொடர் வெற்றி ரெக்கார்டு அன்னிக்குத்தான் உடைஞ்சுது. எனக்கு ஃபைனல விட இதுதான் அந்த சீசனோட மேட்ச்.

ஃபைனலும் மூணுல ரெண்டுதான், புளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டி கூட, 5-0, 3-1ன்னு ஜெயிச்சாங்க. ரெண்டாவது மேட்ச்ல 1-0ன்னு பின்னாடி இருந்தப்ப சிட்னி சாண்டர்ஸும் கிரேஸ் லயன்ஸும் அடுத்தடுத்து ஹோம் ரன் அடிச்சு திருப்பினாங்க. பிட்சர் ஜோர்டி பால் அந்த வேர்ல்ட் சீரிஸ்ல 24 இன்னிங்ஸுக்கு மேல போட்டும் ஒரு ரன் கூட விடல. ஒரு ரன் கூட!

கோச் பாட்டி கேஸோ பத்தி ஒரு வரி கூட இல்ல உங்க செய்தில. அந்தம்மா 1995 சீசன்ல பொறுப்பேத்தப்ப டீமுக்குன்னு சொந்தமா ஒரு கிரவுண்டு கிடையாது, ஊர் பொது பார்க்குலதான் மேட்ச் ஆடுனாங்க. முதல் சாம்பியன்ஷிப் வந்தது 2000ல. 2021ல இருந்து 2024 வரைக்கும் வரிசையா நாலு வருஷம் கப்பு, அதுக்கு முன்னாடி எந்த டீமும் நாலு தொடர்ந்து வாங்குனதில்ல. காலேஜ்ல பொண்ணுங்க விளையாட்டுக்கும் சம வாய்ப்பு குடுக்கணும்னு அங்க 1972லயே சட்டம் போட்டும் இந்த நெலம வர இவ்வளவு காலம் ஆச்சு, எழுதறதுன்னா இத எழுதுங்க சார்.

வருஷா வருஷம் மே கடைசில ஓக்லஹோமா சிட்டில எட்டு டீம் வச்சு இந்த வேர்ல்ட் சீரிஸ் தொடங்கும். ஐபிஎல் முடியுற நேரம்தான், பக்கத்துல இடம் இருக்கும். தினம் ஸ்கோர் மட்டுமாவது போடுங்க, துண்டுச் செய்தியா இருந்தாலும் பரவால்ல.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்