பாதுகாப்புச் சோதனை இறுதிச் செய்நிரலில் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நமது பகுதியில் சி, சி++ கற்கும் மாணவர்களும் மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சிறு நிறுவனங்களும் ஒரு விடயத்தில் அதிக கவனம் எடுக்க வேண்டும். ஆய்வுகூடத்தில், செய்நிரலை வேகமாக ஓடும்படி மாற்றியமைக்கும் உகப்பாக்கம் இல்லாமல் கொம்பைல் செய்து (இயந்திர மொழிக்கு மாற்றி) சரிபார்க்கிறார்கள். வாடிக்கையாளரிடம் போவதோ ‘-ஓ2’ என்ற உகப்பாக்கத் தெரிவுடன் கொம்பைல் செய்தது. பிழையைத் தடுக்கவென்று எழுதிய சோதனை வரியே அதில் இல்லாமற் போயிருக்கக்கூடும்.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்கை எடுத்துக்கொள்வோம். நிலுவை சதக் கணக்கில், 32 பிட் நிறைவெண்ணாகச் சேமிக்கப்படுகிறது. அதன் உச்சம் 2147483647, அதாவது 2 கோடியே 14 இலட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபா 47 சதம். அதைத் தாண்டினால் எண் மறையாக மாறும் என்று நம்பி, ‘நிலுவை + வைப்பு < நிலுவை என்றால் நிறுத்து’ என எழுதுகிறார்கள். வைப்பு பூச்சியத்தை விடப் பெரியதா என்றும் முன்னரே பார்த்திருப்பார்கள். ஆனால் சி மொழியின் நியமப்படி, குறியுள்ள (மறை எண்ணையும் ஏற்கும்) நிறைவெண் நிரம்பி வழிவது வரையறுக்கப்படாத நடத்தை. அது ஒருபோதும் நடக்காது என்று எடுத்துக்கொள்ள கொம்பைலருக்கு உரிமை உண்டு. நேர் எண்ணைக் கூட்டினால் நிலுவை குறையாது, ஆகவே சோதனை எப்போதும் பொய் என்று முடிவு கட்டி வரியைத் தூக்கிவிடுகிறது. பெரும்பாலும் எச்சரிக்கைகூட வராது. கூட்டுவதற்கு முன்பே ‘வைப்பு > 2147483647 − நிலுவை’ என்று பார்ப்பதுதான் சரி. நிலுவை மறை எண் அல்லாதவரை இந்தக் கழித்தல் வழியாது, சோதனையை நீக்கவும் காரணம் இராது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2009இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலின் மெய்நிகர் வலையமைப்பு இயக்கி ஒன்றில், நினைவக முகவரியைக் காட்டும் ஒரு சுட்டியின் ஊடாக மதிப்பை எடுத்துவிட்டு, அடுத்த வரியில்தான் அது எதையும் காட்டாத வெற்றுச் சுட்டியா என்று பார்த்திருந்தார்கள். ஏற்கெனவே பயன்படுத்திய சுட்டி வெறுமையாக இருக்க முடியாது என்று ஜிசிசி என்ற கொம்பைலர் கருதியது, சோதனை மறைந்தது. சாதாரணப் பிழையாக முடிந்திருக்க வேண்டியது, கேர்னலின் அதிகாரத்தைக் கைப்பற்றும் ஓட்டையாயிற்று. அதன் பின்னரே, இவ்வகைச் சோதனைகளை நீக்காதே என்ற தெரிவுடன் கேர்னலைக் கொம்பைல் செய்யத் தொடங்கினார்கள். கடவுச்சொல்லை, நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் ‘மெம்செற்’ கட்டளை கொண்டு அழிக்கும் வரிக்கும் இதே கதி நேரலாம்: அந்த நினைவகத்தைப் பிறகு யாரும் வாசிப்பதில்லை என்பதே காரணம். லினக்ஸில் அதற்கு, கொம்பைலர் நீக்காத ‘எக்ஸ்பிளிசிற்_பிசீரோ’ இருக்கிறது.

கொம்பைலர் எழுதுபவர்களுக்கும் இதில் பெரிய வேலை உண்டு. ஜாவா போன்ற மொழிகளில், அணியின் (வரிசையாக அடுக்கிய மதிப்புகளின்) எல்லையைச் சோதித்த பின்னரே உறுப்பை வாசிக்க வேண்டும். இந்த முன்பின் ஒழுங்கு கொம்பைலர் செய்நிரலைத் தனக்குள் வைத்திருக்கும் உள்வடிவத்தில் வெளிப்படையாகப் பதியப்படாவிட்டால், வேகத்துக்காக வாசிப்பை மேலே நகர்த்தும் ஒரு கட்டம் அதைச் சோதனைக்கும் முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும். சோதனையின் பெறுபேற்றையே ஒரு மதிப்பாக்கி, அதை வாசிப்புக் கட்டளையின் உள்ளீடாக இணைத்துவிட்டால், அந்த மதிப்புக் கிடைக்கும் முன் வாசிப்பு நடக்க வழியில்லை. ஒரு சோதனை தேவையற்றது என்று நிறுவி நீக்கும்போதும், அது ஏன் தேவையில்லை என்ற சான்று கூடவே பயணிக்கும். பின்வரும் கட்டங்கள் அதைச் சரிபார்க்கலாம். கொம்பைலர் உருவாக்க உதவும் எல்எல்விஎம் கட்டமைப்பு திறந்த மூலமாகவே கிடைக்கிறது. யாழ். பல்கலைக்கழக மாணவர்களின் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை.

விரிவுரையாளர்களிடமும் நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். வெளியிடப் போகும் அதே தெரிவுகளுடன் கொம்பைல் செய்து சோதியுங்கள். தனியாக இன்னொரு பிரதியை, வரையறுக்கப்படாத நடத்தையை ஓடும்போதே கண்டு சொல்லும் ‘-எஃப்சனிற்றைஸ்=அன்டிஃபைன்ட்’ தெரிவுடன் ஆக்கி ஓட்டுங்கள். அது ஓடிய பாதையில் உள்ள பிழையை மட்டுமே காட்டும் என்பதால் பூச்சியம், உச்சம், உச்சத்துக்கு ஒன்று குறைவு ஆகிய மூன்றையும் கட்டாயம் கொடுத்துப் பாருங்கள். பழைய செய்நிரலை உடனே திருத்த முடியாவிட்டால், ‘-எஃப்ராப்வி’ தெரிவு நிறைவெண் வழிதலை வரையறுக்கப்பட்டதாக்கும். வெற்றுச் சுட்டிப் பிழைக்கு அது உதவாது.

மென்பொருள் பொறியியலாளர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.