பேட்டரி மேல் பழி போடாதே

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தச் செய்திக்கு நாலு வரி, பைக் கோளாறுக்கு இரண்டு பக்கமா?

புது பேட்டரி போட்டும் செல்ஃப் ஸ்டார்ட் எடுக்கவில்லை, அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே மட்டும் 'டக் டக்' என்று அடிக்கிறது என்கிறாய். இன்னொரு பேட்டரி வாங்கிவிடாதே. சார்ஜ் ஏறாத வண்டியில் எத்தனை பேட்டரி மாட்டினாலும் இதே கதிதான். முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கு; சில நூறு ரூபாய்தான்.

பேட்டரியை வெளியே சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்து பார். 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. பிறகு வண்டியைக் கிளப்பி, ஆக்ஸிலரேட்டரை நிமிடத்துக்கு 4,000 சுற்று அளவுக்குத் திருகிப் பிடி. பேட்டரி முனைகளில் ஏறக்குறைய 14 வோல்ட் வர வேண்டும். 12.5-லேயே நின்று இறங்கிக்கொண்டிருந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால், பேட்டரிக்குப் போகும் வோல்ட்டை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை. பேட்டரி கொதித்தே வீணாகும்.

அப்பாவின் பழைய புல்லட்டில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் ஆம்பியர் முள் ஹெட்லைட் தலையிலேயே இருந்தது நினைவிருக்கிறதா? ஓட்டும்போதே கோளாறு தெரிந்துவிடும். பின்னால் வந்த வண்டிகளில் அந்த முள்ளை எடுத்துவிட்டவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

சார்ஜ் ஏறவில்லை என்றால் எதையும் கழற்றும் முன், ஸ்டேட்டரிலிருந்து, அதாவது இன்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் காயிலிலிருந்து, ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளரைப் பிடுங்கிப் பார். பெரும்பாலான வண்டிகளில் மூன்றும் மஞ்சள் நிறமாக இருக்கும். டார்ச் அடித்து ஒவ்வொரு முனையாகக் கவனி. ஒன்று மட்டும் பழுப்பேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகி, கருகல் வாடை வந்தால் ஆள் அகப்பட்டான். பிடிப்பு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். கப்ளரை மாற்றினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

அது நன்றாக இருந்தால், கப்ளரைக் கழற்றியபடியே வண்டியைக் கிளப்பி, மீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து, மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாக அள. கை பட்டுவிடாமல் பார்த்துக்கொள், ஷாக் அடிக்கும். மூன்று அளவும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஏதாவது ஒரு ஜோடி குறைந்தாலும் காயில் போய்விட்டது. வண்டியை அணைத்துவிட்டு, மஞ்சள் ஒயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்றும் பார். இருந்தாலும் அதே தீர்ப்புதான். இவை எல்லாம் சரி, வண்டி உடம்போடு இணையும் எர்த் ஒயரும் துருப்பிடிக்கவில்லை என்றால் மிச்சம் ரெகுலேட்டர்தான்.

போன வருடம் மாட்டினாயே இரண்டு ஃபாக் விளக்கு, அவற்றை முதலில் கழற்றிவிடு. 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு மேல் இவற்றையும் தாங்க அந்தச் சின்ன காயிலால் எப்படி முடியும்?

அளந்த எண்களை அப்படியே எழுதி அனுப்பு. தை மாதம் அக்கா பேத்தியின் காதுகுத்துக்கு அந்தப் பக்கம் வருகிறேன். அதற்குள் சரியாகவில்லை என்றால் நானே வந்து கழற்றுகிறேன். தங்கச்சியை மீன் குழம்பு வைக்கச் சொல்.

அன்புடன்,
செல்வம்